பந்தாடும் மாணாக்கரும் விளம்பர ஊதியமும்

கலாசாலையிற் பயிலும் பந்தாட்டக்காரன் ஒருவன் தன் பெயரையும் முகத்தையும் ஒரு வியாபாரியின் சரக்குக்கு உதவி, அதற்காகப் பொருள் பெறுதல் தகுமா என்னும் வினா, அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் வழக்காடப்பட்டு, சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவாறு தீர்ந்தது. நம் நாட்டில் அவ்வினா இன்னும் உரத்த குரலிற் கேட்கப்படவில்லை. ஆயினும் அது நம் வாயிலை அணுகிவிட்டதென்பதைக் கலாசாலை சேர்க்கைக் காலத்தில் வீதிகளிற் கட்டப்படும் விளம்பரத் தட்டிகளைப் பார்ப்போர் அறிவர். அத்தட்டிகளிற் கேடயம் ஏந்தி நிற்போர் யாவர்? ஆட்டக்கார மாணாக்கரே. படத்தை அச்சிடுமுன் அவர்களை ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் அரிது. மாணாக்கனுடைய பெயரும் உருவமும் அவனுடையன என்பதும், அவற்றால் வரும் ஊதியத்தில் அவனுக்குரிய பங்கு முன்னரே எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும் என்பதும் எமது துணிபு.

முதலில் அமெரிக்கச் செய்தியைக் கூறுவோம். அங்கே கால்பந்து எனப்படுவது நாம் தருவை மைதானத்தில் ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையால் எறிந்தும், மார்பொடு தழுவி ஓடியும், எதிர்ப்பட்டோரை மோதி வீழ்த்தியும் ஆடுவது. கலாசாலைகள் ஆடும் அவ்வாட்டத்தைக் காண ஓர் அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேலும் கூடுவதுண்டு. தொலைக்காட்சிக் கம்பெனிகள் கோடி கோடியாகப் பணம் செலுத்துகின்றன. அந்நாட்டின் மாகாணங்களுட் பெரும்பாலானவற்றில், அரசாங்கச் சம்பளம் பெறுவோருள் முதல்வர் ஆளுநரல்லர். பல்கலைக்கழக ஆட்டப் பயிற்சியாளரே. ஆனால், ஆடிய மாணாக்கனுக்கோ படிப்புச் செலவும் உணவும் உறையுளுமே உரியன. ஒரு காலணிக் கடைக்காரனிடம் நூறு டாலர் பெற்றாலும் அவன் ஆடும் தகுதியை இழப்பான். கலாசாலை ஆட்டங்களை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கம் இவ்விதியைக் கண்ணிமை போற் காத்து வந்தது. 'மாணாக்க ஆட்டக்காரன்' என்னும் அழகிய சொற்றொடரை அச்சங்கத்தார் 1950-களில் ஆக்கியது, காயமுற்றவன் தொழிலாளியெனக் கருதப்பட்டு நஷ்டஈடு கேளாதிருத்தற்கே என்பர். 1955-இல் கொலராடோ மாகாணத்தில் ஒரு மாணாக்கன் ஆட்டத்திடையே தலையில் அடிபட்டு இறந்தான். அவன் மனைவி கேட்ட நஷ்டஈட்டை, அவன் கலாசாலைக்கு வேலை செய்தவனல்லன் என்று அம்மாகாணத்து உயர்நீதிமன்றம் 1957-இல் மறுத்தது.

இவ்விதி உடைந்த கதை சுவையுடையது. எட் ஓபானன் என்பவர் 1995-இல் யு.சி.எல்.ஏ. கலாசாலையின் கூடைப்பந்து அணிக்கு வெற்றி தேடித் தந்தவர். ஆண்டுகள் பல கழிந்தபின் கணினி விளையாட்டு ஒன்றில் தம் உருவமே ஆடக் கண்டார்; அதே எண், அதே இடக்கை, அதே மழித்த தலை. விளையாட்டை விற்றவருக்குப் பணம், உருவத்துக்குரியவருக்கு ஒன்றுமில்லை. அவர் 2009-இல் வழக்கிட்டார். 2014-இல் தீர்ப்பு அவர் பக்கமாயிற்று. 2019-இல் கலிபோர்னியா மாகாணம் மாணாக்கர் விளம்பர ஊதியம் பெறச் சட்டம் இயற்றியது. 2021 ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனப்பட்டுச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புரைக்க, ஜூலை 1-ஆம் நாள் விளம்பர ஊதியத் தடை நீங்கிற்று. வழக்குகளால் 2013-இல் நிறுத்தப்பட்ட கலாசாலைக் கால்பந்துக் கணினி விளையாட்டு 2024-இல் மீண்டும் வெளிவந்தபொழுது, பெயர் தரச் சம்மதித்த ஒவ்வொருவருக்கும் 600 டாலர் கொடுக்கப்பட்டது. பெருந்தொகையன்று, ஆயினும் கேட்டுக் கொடுத்த தொகை. 2025 ஜூனில் ஏற்பட்ட மற்றொரு சமாதானத்தின்படி கலாசாலைகள் தாமே ஆட்டக்காரருக்கு வருவாயிற் பங்கு கொடுக்கலாயின. அவ்வாண்டுக்குக் கலாசாலை ஒன்றுக்கு உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடி 5 லட்சம் டாலர்.

இத்தொகைகளைக் கேட்டு நம்மவர் மயங்க வேண்டா. நம் நெல்லைச் சீமைக் கலாசாலைகளின் பந்தயத்தைக் காண வருவோர் மாணாக்கரும், பக்கத்துத் தெருப் பிள்ளைகளும், வேலை ஓய்ந்த பெரியவர் சிலருமே. ஆயினும் நீதி தொகையைப் பொறுத்ததன்று. உடலை முதலாக வைத்து உழைப்பவனுக்கு எப்பங்கு உரியது என்னும் கணக்கை நம் கரை அமெரிக்கரிடம் கற்க வேண்டுவதுமில்லை.

தூத்துக்குடி முத்துச் சலாபத்தை நினைத்துப் பாருங்கள். 1889-இல் இங்கு நடைபெற்ற சலாபத்தை நேரிற் கண்டு எழுதியவர் சென்னை அரசாங்கக் காட்சிச்சாலைத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன். தோணிகள் கரை சேர்ந்தவுடன் சிப்பிகள் மூன்று சமக் குவியல்களாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாளிகளுக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலத்தில் விற்கப்படும். குளியாளி தன் பங்கை அக்கரையிலேயே கேட்டவருக்கு விற்பான். தன் குவியலிலிருந்தே அவன் கயிறு பிடித்தவனுக்கும் தோணிக்கும் கொடுத்தல் வேண்டும். மூன்றில் ஒன்று போதுமா என்று கேட்டால், போதாது என்றே நாம் சொல்வோம். கல்லைக் காலிற் பற்றி எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, மூச்சடக்கி மீண்டவன் அவனன்றோ? ஆனால் அவ்வழக்கில் மெச்சத்தக்கது ஒன்றுண்டு. சிப்பியைப் பிளந்து உள்ளே முத்துண்டா இல்லையா என்று பார்க்குமுன்னரே, ஊரார் கண்முன் பங்கு பிரிந்துவிடும். முத்து விளைந்தபின் வாதம் இல்லை. 1961-க்குப் பின் நம் கரையிற் சலாபம் நடைபெறவில்லை. கணக்கு மட்டும் மறக்கத்தக்கதன்று.

கலாசாலை ஆட்டக்காரனுக்கும் ஒரு சலாபக் காலம் உண்டு. குமரிக் கரையில் இரவிபுத்தன்துறை மீனவர் குடியிற் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி கழகத்துக்கு ஆடிப் புகழ்பெற்று, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. கழகங்களின் ஊதியம் பெறும் ஆட்டக்காரரானார். அவர்போல்வார் மிகச் சிலர். ஏனையோர் பட்டம் பெற்றபின் போலீஸ், ரயில்வே போன்ற உத்தியோகத்தை விளையாட்டு ஒதுக்கீட்டில் நாடுவர். அதுவும் வாயாதார் மீண்டும் கடலுக்கோ துறைமுக வேலைக்கோ செல்வர். அவர்கள் முகத்துக்கு விலையுள்ள ஆண்டுகள் கலாசாலையிலிருக்கும் மூன்றோ ஐந்தோ ஆண்டுகளே. அவ்வாண்டுகளில் மக்ரூன் விற்கும் பேக்கரியோ துணிக்கடையோ அணியின் சட்டை மார்பில் தன் பெயரை எழுதிப் பணம் கொடுத்தால், அப்பணம் எங்குச் செல்கிறது என்று அச்சட்டையை அணிந்தவன் அறியானாயின் அது முறையா?

நிற்க. மறுப்போர் கூறுவதையும் கேட்போம். கலாசாலை கடைத்தெருவாகிவிடும் என்பர். தட்டிகட்டிச் சேர்க்கை தேடும் காலத்தில் இக்கவலை சற்றே தாமதித்து வந்ததென்போம். கட்டணச் சலுகை கொடுத்தாயிற்றே என்பர். அது ஆட்டத்துக்கு ஈடு, முகத்துக்கு ஈடன்று. கோல் அடிப்பவன் பெறுவான், கோல் காப்பவன் பெறான், அணியில் பொறாமை விளையும் என்பதே கனமான தடை. பெண்கள் அணியைக் கடைக்காரர் கண்ணெடுத்தும் பாரார் என்பதும் அதனோடு சேர்ந்தது. அமெரிக்காவிலும் பங்கின் பெரும்பகுதி ஆடவர் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே செல்கின்றது. இதற்கு விடை தடையன்று. கயிறு பிடித்தவனுக்கும் கொடுத்த குளியாளியின் வழக்கே விடை. அணியின் பெயரால் வருவதை அணியார் யாவரும் சமமாகப் பகிர்க. ஒருவன் தனிமுகத்தால் வருவதில் ஒரு பகுதியை, காயமுற்றோர் வைத்தியத்துக்கென வைக்கும் பொது நிதிக்குக் கொடுக்க. முழங்கால் நரம்பு அறுந்த பிள்ளைக்குச் சத்திர சிகிச்சை செய்ய வீட்டு நகை அடகுக்குப் போவதை நாம் அறிவோம்.

ஆபத்துகளும் உள. பொய்யான விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவரையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விடுவதில்லை. பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவன் செய்த ஒப்பந்தம் சட்டத்தின்முன் செல்லாது. முதலாண்டு மாணாக்கர் பலர் அவ்வயதினரே. தசை வளர்க்கும் மாவுக்கு முகம் கொடுத்து அதனைத் தானும் உண்பவன், ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டு ஆட்டத்தையே இழக்கக்கூடும். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. அதற்கு முன் பெரிய பெரிய ஆட்டக்காரரெல்லாம் அவற்றுக்கு முகம் கொடுத்தது நாடறிந்தது. இவற்றையெல்லாம் சொல்லித் தருவார் இல்லாதபோது தரகர் வருவர். முத்துக்குளித்த பண்டைக் காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவோர் இருபதில் ஒரு பங்கு பெற்றனர் என்று மார்க்கோ போலோ எழுதியுள்ளார். இக்காலத் தரகர் அவ்வளவில் அமைவாரென்று நாம் உறுதிகூற மாட்டோம்.

பெயரும் உருவமும் உரியவனுடையன என்பதை நம் நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன. 2015-இல் நடிகர் ரஜினிகாந்த் தம் பெயரையும் பாணியையும் கேளாமற் படமெடுத்தார்மீது தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு அனுகூலமாகவே தீர்த்தது. புகழ்பெற்றவருக்கு வழக்கறிஞர் உண்டு; மணப்பாட்டுப் பிள்ளைக்கு யார் உளர்? அவன் கலாசாலையே அவனுக்கு வழக்கறிஞராதல் வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கலாசாலை விளையாட்டுக் குழுவும் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் ஏடு எழுதுக. படத்தை எங்கெங்கு அச்சிடலாம், சட்டைப் பணம் எவ்வாறு பிரிக்கப்படும், தனி விளம்பரத்திற் பொது நிதிக்கு எவ்வளவு, தேர்வுக் காலத்தில் விளம்பர வேலை கூடாது, மதுவும் சூதும் மருந்தும் விற்போர் அணுகலாகாது என்பன அதில் இருத்தல் போதும். ஏடு தமிழில் இருக்கட்டும். கையெழுத்திடுமுன் மாணாக்கன் அதனை ஒரு வாரம் வீட்டிற்கு எடுத்துச் செல்லட்டும். அமாவாசை மீன்பாட்டுக்குப் போன தகப்பன் கரையேறி வந்து படித்துப் பார்க்க அவ்வளவு நாள் வேண்டும்.