நான்காவது கூறு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் முடியுமிடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அதை அருகிருந்து தருபவர். வகுப்பறையில் முதல் மூன்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறோம். நான்காமவரை விரைவாகக் கடந்துவிடுகிறோம். ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவுறாது என்பதல்லவா அந்தப் பகுப்பின் பொருள்? வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயர் பழுதாகும்போது நடப்பதைக் கவனித்தால், நான்காம் கூற்றின் அருமை புரியும்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றிலிருந்து அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்கினால் அன்றைய கூலி போயிற்று. கோடை மழையின் இடி, ஏறி இறங்கும் மின்னழுத்தம், ஈரம், பெட்டிக்குள் குடியேறும் எறும்பு என்று பழுதுக்குக் காரணங்களும் மலையில் அதிகம். தமிழகச் சிற்றூர்களில் பாடிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் பல எந்த நிறுவனத்தின் பெயரையும் தாங்காதவை. சென்னை ரிச்சி தெருவிலோ பக்கத்து நகரத்திலோ போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, தகரப் பெட்டிக்குள் உள்ளூர்க்காரர் பொருத்தியவை. சான்யோவின் 'எல்ஏ4440' ஐசியும், தோஷிபாவின் '5200-1943' டிரான்சிஸ்டர் இணையும் இந்தத் தொழிலில் உள்ளோருக்கு வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போலப் பழகியவை.

நல்ல மெக்கானிக் வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு பதிப்பாசிரியரைப் பார்ப்பது போன்றது. எடுத்தவுடன் எதையும் கழற்றமாட்டார். ஃபியூஸ் எரிந்திருந்தால், புதியதைப் போட்டு நேரே மின்சாரம் கொடுக்கவும் மாட்டார். இடையில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைப்பார். பல்பு ஒருகணம் பளிச்சிட்டு மங்கினால் அபாயமில்லை. விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வெளியீட்டு முனையில் மீட்டரை வைத்து நேர்மின்னழுத்தம் பார்ப்பார். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் முப்பது வோல்ட் காட்டினால், ஸ்பீக்கரை மறுபடி மாட்டுவது அதைக் கொளுத்துவதற்குச் சமம். விடாமல் 'ஹம்' கேட்டால் முதல் ஐயம் பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர்மீது விழும். கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியே வடித்துவிடுவார்.

ஒரு பக்கம் மட்டும் ஊமையானால் வேலை எளிது. உள்ளே வரும் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருக வேண்டும். ஊமையும் பக்கம் மாறினால் குறை ஆம்ப்ளிஃபயருக்கு வெளியே, ஒயரிலோ பிளேயரிலோ இருக்கிறது. மாறாவிட்டால் ஸ்பீக்கரையும் சோதித்துவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். அதன்பின் நடப்பது ஏட்டுச்சுவடி ஒப்புநோக்கல்தான். ஸ்டீரியோ போர்டில் இரு பக்கமும் ஒரே பாடத்தின் இரு பிரதிகள். பாடும் பக்கத்தில் ஓர் இடத்தில் உள்ள வோல்ட்டைக் குறித்துக்கொண்டு, பாடாத பக்கத்தில் அதே இடத்தைப் பார்க்க வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அதை ஒட்டித்தான் பிழை. டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு, அதை இயக்கும் சிறு டிரான்சிஸ்டரையும் பக்கத்து ரெசிஸ்டரையும் பார்க்காமல் விட்டால், புதியதும் நொடியில் போய்விடும். நோயை அறிந்தால் போதாது, அதன் முதற்காரணத்தையும் அறியவேண்டும் என்று அதே அதிகாரம் சொல்வது இதைத்தான்.

இடி விழுந்து இரு பக்கமும் ஒருங்கே போய்விட்டால் ஒப்பிடப் பிரதி ஏது? அப்போது மூலபாடம் வேண்டும். அதுதான் சர்க்யூட் வரைபடம். பெட்டி நோயாளி, மெக்கானிக் மருத்துவர், உதிரிபாகம் மருந்து என்றால், அருகிருந்து உதவும் நான்காவது கூறு இந்த ஒற்றைத் தாள். பழைய வால்வு ரேடியோக்கள் சிலவற்றில் அதை உட்புறம் ஒட்டியே தந்தார்கள். இன்றோ, சில போர்டுகளில் ஐசியின் எண்ணையே சுரண்டி அழித்து விற்கிறார்கள். ஓலையில் எழுத்தை அழித்துவிட்டுச் சுவடியை விலைக்குத் தருவது போன்ற செயல் இது.

வரைபடத்தின் மதிப்பை அறிய இதே மலையில் காவலூருக்குப் போனால் போதும். அங்கே 1968இல் விண்ணாய்வு தொடங்கியது கொடைக்கானலில் நம்மவர்களே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு. 1986இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. தன் கருவியின் உள்ளமைப்பை அறிந்தவர் அதன் பழுதுக்கு அஞ்சவேண்டியதில்லை. விண்மீனுக்குப் பொருந்தும் இந்த நியாயம் மலையடிவாரத்துப் பாட்டுப்பெட்டிக்கும் பொருந்த வேண்டாமா?

நுகர்வோரின் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணைய வாயில் ஒன்றும் திறந்தது. நிறுவனங்களின் கையேடுகளை அங்கே தேடலாம். பெயரற்ற போர்டுக்கு அங்கே இடம் ஏது? பிரான்சு 2021 முதல் சில மின்னணுப் பொருட்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு கட்டாயமென்றது. பழுதுபார்ப்பு ஆவணங்கள் கிடைக்கின்றனவா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. விற்கப்படும் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரோடும், தனி போர்டோடும், முக்கிய இடங்களின் வோல்ட் அளவு குறித்த சர்க்யூட் தாளைத் தமிழில் தரவேண்டும் என்று இங்கேயும் சட்டம் வேண்டும்.

தொழில் ரகசியம், பயனாளியின் பாதுகாப்பு என்று மறுப்பு வரும். ஐசி தயாரிப்பாளரே மாதிரி சர்க்யூட்டை வெளியிடும்போது அதில் ரகசியம் சொற்பம். பாதுகாப்பு என்றால், தாளில்லாத மலையூரிலும் பழுதுபார்ப்பு நடக்கத்தான் செய்யும். ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி நடக்கும். அறியாமையைவிடவா அந்தத் தாள் ஆபத்தானது?

தமிழ்த்துறையினர் நமக்கும் இதில் பங்கிருக்கிறது. நாம் 'மின்தேக்கி' என்று எழுதினோம். கடையில் அது 'கண்டன்சர்'. ஒன்றை ஒன்று நகைத்தது போதும். இரண்டு சொல்லும் ஒரே தாளில் அருகருகே அச்சாகட்டும். மலையில் அதை விரித்துப் படிப்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்.