தை பிறப்பதற்குள் சுண்ணாம்புக் குழி

கொத்தனார் தோழர்களே, சித்தாள் வேலைக்கு வரும் அக்கா தங்கைகளே, டிப்ளமோ முடித்துச் சைட்டில் நிற்கும் தம்பிகளே!

தை பிறந்தால் ஊரெங்கும் கடைக்கால் தோண்டுவார்கள். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் ஊறி வெண்ணெய்ப் பதத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் குழியை இந்தப் புரட்டாசியிலேயே வெட்டியாக வேண்டும். தையில் யோசித்தால் மறுபடி சிமெண்ட் மூட்டைதான் வந்து இறங்கும்.

மெட்ராஸ் டெரஸ் என்னும் சுண்ணாம்புத் தளம் போடத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் மிச்சம்? தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கலை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் வரிசை பிடித்து, சுண்ணாம்பில் பதித்து நிறுத்துவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். மேலே தட்டோடு. அந்தத் தளத்துக்குள் ஒரு முழம் கம்பி கிடையாது. எங்கள் பக்கத்தில் இதைச் செய்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் கையிலிருப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் முழுதாக இல்லை. அதை இப்போதே வாங்கிக்கொள்ளாவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

ஒன்றை மனசாரச் சொல்லிவிடுகிறேன். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் என் கரணையாலேயே சிமெண்ட் பூசியிருக்கிறேன். கெட்டியாக இருக்கும் என்று வீட்டுக்காரருக்கு வாக்கும் கொடுத்தேன். இரண்டு மழை தாண்டியதும் உப்புப் பூத்துப் பொருபொருவென்று உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். நான் அதன் மூச்சை அடைத்துவிட்டேன். அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் தலை குனிகிறது.

சிமெண்ட்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 1450 டிகிரியில் வேகவைக்கிறார்கள். அடுப்புப் புகை ஒரு பக்கம். அதைவிட அதிகமான கரியமில வாயு அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கிளம்புகிறது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் சுமார் 8 விழுக்காடு சிமெண்ட்டினால் வருவது. நம் சுண்ணாம்புக் காளவாயும் புகை விடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 900 டிகிரி போதும். கல்லை விட்டுப் போன வாயுவில் பெரும்பகுதியைக் காரை இறுகும்போது காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது.

சிமெண்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூணுக்கும் பீமுக்கும் அது வேண்டும். ஆனால் ஒற்றை மாடி வீட்டின் ஒவ்வொரு சுவருக்கும் பூச்சுக்கும் எதற்கு? திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செய்து காட்டிய எலிப்பொறிக் கட்டைப் பாருங்கள். செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே காற்றறை விட்டுக் கட்டும் ஒன்பது அங்குலச் சுவர் அது. செங்கல் கால் பங்கு மிச்சம், வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும். ஆரோவில்லில் மண்ணோடு சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களால் வீடுகள் நிற்கின்றன. சூளையும் இல்லை, விறகும் இல்லை. "இதற்கெல்லாம் கோடு ஏது?" என்று கேட்கும் பொறியாளரிடம் ஐ.எஸ். 1725-ஐ எடுத்து நீட்டுங்கள். மண் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது.

மேஸ்திரி சொல்வார்: "இது மெதுவான வேலை, கூலி கூடும்." ஆமாம், கூடும். கூடட்டும் தோழர்களே! மூட்டைக்கும் கம்பிக்கும் போகிற காசு, அரைப்பவருக்கும் அடிப்பவருக்கும் பூசுபவருக்கும் வரட்டும். ஆலைக்குப் போகும் பணத்தை நம் தெருவுக்குத் திருப்பும் வேலை இது. அதற்காகவே இதைக் கையிலெடுக்கச் சொல்கிறேன். பேக்கரும் இந்தக் கணக்கைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பது வருடம் கலவை சுமந்தும் கரணை கொடுக்கப்படாத அக்காமார்களே, இந்தக் குழியடியில் முதல் கரணை உங்களுக்கு. தளம் அடித்த கைகள் உங்கள் அம்மாக்களுடையவை. அந்த வித்தை உங்களுக்கு வர வேண்டியது.

புரட்டாசி முதல் ஞாயிறு, விடிந்ததும் கூடுவோம். மண்வெட்டியும் கரணையும் கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் காரை வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால், வண்டி பிடித்தாவது அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் உட்கார நிழலும் நாற்காலியும் நாங்கள் போட்டு வைக்கிறோம்.