குவாரிப் பள்ளத்தில் 250 கோடி வருஷத்து மலை!

சென்னீர்குப்பத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் பெங்களூரு நெடுஞ்சாலை தெரியும், கம்பெனிகள் தெரியும், அடுக்குமாடிகள் தெரியும். மலை மட்டும் தெரியாது. ஆனால், மாங்காடு வழியாகச் சில கிலோமீட்டர் போனால் சிக்கராயபுரம் கல்குவாரிகள். அங்கே வெட்டிய பள்ளங்களின் சுவரில் இருக்கும் நீலச்சாம்பல் நிறக் கல், ஒரு காலத்து மலைத்தொடரின் அடிவேர்!

கல்லின் பெயர் சார்னோகைட். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும்கூட இதே கல்தான். 1693-ல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கொல்கத்தா கல்லறைக்கு இங்கிருந்துதான் கல் போனது. அதை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். பல்லாவரத்துப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

அது சரி, வேர் என்று ஏன் சொல்கிறார்கள்?

இமயமலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மலை மேலே உயர்ந்ததைவிடப் பல மடங்கு ஆழத்துக்குக் கீழேயும் பாறை தடித்து இறங்கியிருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் சார்னோகைட் உருவானதும் அப்படியொரு ஆழத்தில்தான். 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில், பாறை சப்பாத்தி மாவு போல மடிந்து நெளிந்தது. கல்லில் இன்றும் தெரியும் வரிகள் அந்த நெரிசலின் தழும்புகள்.

பிறகு மழையும் ஆறுகளும் மலையின் உச்சியைக் கரைத்தன. சரக்கு இறக்க இறக்கப் படகு மேலெழுவது போல, பாரம் குறையக் குறைய வேர் மேலே வந்தது. அப்படி மேலே வந்த வேரைத்தான் ஜல்லியாக உடைத்து வீடு கட்டுகிறோம்.

இந்தப் பழங்கதைக்கும் நம் வீட்டுத் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டு. ஆழத்தில் இறுகிய கல் என்பதால் இதில் நீர் ஊறும் துளைகள் கிடையாது. வெடிப்புகளில் மட்டுமே தண்ணீர் ஓடும். பாறைப் பகுதிகளில் பக்கத்து வீட்டு போரில் தண்ணீர் கொட்டும்போது நம் போர் புகை விடுவதற்குக் காரணம் இதுதான். போர் போடும் முன் நிலத்தடி நீரோட்டம் பார்க்கும் மின்தடை ஆய்வு செய்துகொள்வது, பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

அதே இறுகிய குணம்தான் குவாரிப் பள்ளங்களை மழைநீர்த் தொட்டிகளாகவும் ஆக்குகிறது. 2017 வறட்சியில் ஏரிகள் வற்றியபோது, சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் கொடுத்தது குடிநீர் வாரியம். கைவிடப்பட்ட பள்ளம்தானே என்று அதில் குப்பை கொட்டினால், அடுத்த வறட்சிக்கான குடிநீரில் கொட்டுகிறோம் என்று அர்த்தம்.