கையில் ஒரு விலாசம்



வெளிநாடு புறப்படும் பிள்ளைகளுக்கு நாம் எல்லோரும் புத்தி சொல்வோம். ‘பாஸ்போட் கவனம், காசு கவனம், கண்டவரோடு கதைக்காதே’ என்போம். நாமே தனியாகப் போய் இறங்கும்போதுதான் நமக்கு எவ்வளவு தெரியாது என்பது விளங்குகிறது. 2018 செப்டெம்பரில் பாரிஸ் நகரில் நான் பட்ட பாட்டை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெண்களுக்கான மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்கு அழைப்பு வந்திருந்தது. அந்த மூன்று நாள் செலவு அழைத்தவர்களுடையது. ‘அவ்வளவு தூரம் போய் ஊரைப் பார்க்காமல் வருவதா?’ என்று இரண்டு நாள் முன்னதாகவே சொந்தச் செலவில் புறப்பட்டேன். வெள்ளவத்தையில் மாற்றிய கொஞ்சம் யூரோ, மருமகனின் முதுகுப்பை, அவனே கணினியில் பதிவு செய்து தந்த மலிவு விடுதி. ஐம்பது வயதில் முதுகில் பை மாட்டிக்கொண்டு கட்டுநாயக்காவில் நின்ற என்னைப் பார்த்து வீட்டார் சிரித்தார்கள்.

பாரிஸ் விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் உண்டு. அப்போது பயணச்சீட்டு 10 யூரோ சொச்சம். 2025 ஜனவரியில் அது 13 யூரோவாகியது. நுழைவாயிலில் சீட்டைச் செலுத்தினேன், கதவு திறந்தது. இனி எதற்கு என்று அதைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அரை மணி நேரத்தில் ‘கார் து நோர்’ என்ற பெரிய நிலையத்தில் இறங்கினால், வெளியே போவதற்கும் அதே சீட்டு வேண்டுமாம்! பரிசோதகரிடம் என் நிலையை விளக்க எனக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய காசு தண்டப்பணமாகப் போயிற்று. பிழை என்னுடையதுதான்.

வெளியே வந்து கைத்தொலைபேசியை எடுத்தேன். பற்றரி இறங்கி அது அணைந்து கிடந்தது. விடுதியின் விலாசம் அதற்குள்தான் இருந்தது! எதிரே வந்த இருவரிடம் நேரே ஆங்கிலத்தில் கேள்வியைக் கேட்டேன். இருவரும் நில்லாமல் போனார்கள். ‘என்ன மனிதர்கள்’ என்று மனம் கசந்தது. முதலில் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஒரு தேநீர்க் கடையில் கெஞ்சி மின்சாரம் வாங்கி, விலாசத்தைக் கண்டுபிடித்து விடுதிக்குப் போனேன். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கட்டில் தருவார்கள் என்றார்கள். காத்திருந்து அறைக்குள் போனால் ஆறு கட்டில்கள். அவற்றில் நான்கில் இளைஞர்கள்! ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்கும் பொது அறை அது. பதிவில் அப்படித்தான் எழுதியிருந்தது. மருமகனும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. பெண்களுக்கான அறைகள் நிறைந்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. பையை மாட்டிக்கொண்டு மீண்டும் தெருவில் இறங்கினேன்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் ‘லா சப்பல்’. தமிழ்ப் பெயர்ப் பலகைகள், மரக்கறிக் கடைகள், சேலைக் கடைகள், நகைக் கடைகள்; ஆண்டுதோறும் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஓடும் இடம். ஒரு பலசரக்குக் கடையில் சோடா வாங்கிக் குடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். கல்லாவில் இருந்த பெண் என் பையையும் முகத்தையும் பார்த்தார். “அக்கா, எங்க இருந்து வாறீங்கள்?” என்றார். வெள்ளவத்தை என்றதும் கதிரையை இழுத்துப் போட்டார். நான் கதையைச் சொல்லி முடிக்கவில்லை. “இண்டைக்கு என்ர வீட்டில நில்லுங்கோ” என்றுவிட்டார்.

இரவு சோறு போட்டபடி அவர் சொன்னார்: “நானும் 1997இல உங்கட வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில ஏழு மாசம் இருந்தனான் அக்கா. வந்த முதல் நாள் பையோட காலி வீதியில நிண்டு வழி கேட்டனான். ரெண்டு பேர் காதில விழாத மாதிரிப் போட்டினம். மூண்டாவதா வந்த அம்மாதான் கூட்டிக்கொண்டுபோய் விட்டவ.”

அவர் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த நாட்களில் வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். அவர்களோடு நின்று பேசினால் நமக்கும் வில்லங்கம் வரும் என்று ஒதுங்கிப் போனவர்களில் நானும் ஒருத்தி. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அன்று பத்திரிகையில் வாசித்து வருந்தினேன். ஆனால் பையோடு தெருவில் நிற்பது எப்படிப்பட்டது என்பது பாரிஸில்தான் எனக்கு விளங்கியது.

போகவிருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். தங்குமிட விலாசத்தையும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் கடதாசியில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். உறவினர் வீடென்றால் விலாசம் மட்டும் போதாது. பாரிஸ் மாடிக் கட்டடங்கள் பலவற்றின் தெருக்கதவு இரகசிய இலக்கம் அழுத்தினால்தான் திறக்கும். அதையும் கேட்டு எழுதுங்கள். சீட்டோ அட்டையோ, வெளியேறும் வரை பத்திரம். மலிவு விடுதி என்றால் பெண்கள் அறையா, எத்தனை மணிக்குக் கட்டில், பூட்டும் துவாயும் கொண்டுபோக வேண்டுமா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். மற்றவர் பதிந்தது என்று விட்டுவிடாதீர்கள். ஆபத்தென்றால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112 என்ற இலக்கம் இலவசமாக வேலை செய்யும்.

போகாத சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இன்றும் மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் வேலைக்கும் வைத்தியத்துக்கும் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். கையில் கடதாசித் துண்டோடு யாராவது உங்களை மறித்தால், பஸ் போனாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம் நில்லுங்கள்.