அட்டாக் பேட் நமக்கு எதற்கு?

காலையில் ஷட்டில் ஆடும் எங்கள் கோஷ்டியில் இப்போது ஒரே பேச்சு, "அட்டாக் பேட்". அறுபத்தைந்தைத் தாண்டிய மூன்று பேர் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். நான்காவது நண்பர், "நீங்க என்ன சார் சொல்றீங்க, வாங்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். கோஷ்டியில் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

ஆடிப் பார்க்காமல் சொல்லவில்லை. எங்களோடு ஆடும் இளைஞர் ஒருவரின் பேட்டை வாங்கி மூன்று வாரம் ஆடினேன். தலைப்பக்கம் கனம், தண்டு விறைப்பு. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் கடையில் அட்டாக் பேட் என்கிறார்கள். மொத்த எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. 3யு என்று போட்டிருந்தால் 85 முதல் 89 கிராம், 4யு என்றால் 80 முதல் 84. எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். சுத்தியலைக் காம்பின் நுனியில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு தலையை ஒட்டிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சுத்தியல் அதேதான், மணிக்கட்டு மட்டும் வேறு கதை சொல்லும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பின்கோட்டில் நின்று நிதானமாக டாஸ் அடிக்க நேரம் கிடைத்தால், காக் எதிராளியின் கடைசிக் கோடு வரை போகிறது. ஸ்மாஷில் நல்ல சத்தம். அந்தச் சத்தத்துக்கு மயங்கித்தான் பலர் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் நாம் ஆடுவது டபிள்ஸ். எதிரே இருப்பவர் நெஞ்சுக்கு நேராக அடித்தால் பேட்டைத் திருப்ப நேரமே இல்லை. கனமான தலை அங்கே ஒரு நொடி பிந்தித்தான் வருகிறது. விறைப்பான தண்டு வளைந்து கொடுக்க வேண்டுமென்றால் வீச்சு மின்னலாக இருக்க வேண்டும். முப்பது வயதுக் கைக்கு அது சரி. நம் கைக்கு அது வெறும் கழி.

தோள்பட்டையை மறந்துவிடக் கூடாது. அங்கே உள்ள தசைநாண்கள் வயதாக ஆகத் தேய்வது சகஜம், கையைத் தலைக்கு மேல் ஓங்கி வீசும்போது அவற்றுக்குப் பாரம் அதிகம். வாங்கிய மூவரில் ஒருவருக்கு ஒரு மாதமாகச் சட்டை மாட்டுவதே சிரமமாக இருக்கிறது. பேட்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ரிடையர் ஆனபின் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்ததே இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். ஆட்டத்தோடு டீக்கடைப் பேச்சும் அவருக்குப் போயிற்று.

சரி, வேகமாவது தலைக்கனத்தில்தான் இருக்கிறதா? 2023 ஏப்ரலில் ஜப்பானில், அமலாபுரத்துப் பையன் சாத்விக்சாய்ராஜ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்து கின்னஸில் இடம்பிடித்தார். அவர் கையில் இருந்தது யோனெக்ஸ் நானோஃபிளேர் 1000 இசட். அது தலை லேசான ரகம்! வேகம் அவர் உடம்பிலும் நேரக் கணிப்பிலும் இருந்தது.

பேட்டை மாற்றுவதற்கு முன் நரம்பின் இழுப்பைக் கவனியுங்கள். "பவர் வேணும்னா 28 பவுண்டு இழுத்துடலாம் சார்" என்று சில கடைகளில் சொல்வார்கள். உண்மை நேர்மாறு. இழுப்பு கூடக் கூட நரம்பு துள்ளாது, காக் நடுவில் துல்லியமாகப் பட்டால்தான் போகும். 20, 22 பவுண்டு நமக்கு ஏராளம்.

புதிதாக வாங்கியே தீருவேன் என்பவர்கள் பேட்டை ஒரு விரலில் படுக்க வைத்துப் பாருங்கள். தலைப்பக்கம் சாயாமல் நிற்பதற்கு விரலைக் கைப்பிடியிலிருந்து வெகுதூரம் தள்ள வேண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 4யு எடை, வளைகிற தண்டு என்று கேளுங்கள். கடைப்பையன், "அது பிகினர் பேட் சார்" என்பான். சிரித்துக்கொண்டே அதையே பில் போடச் சொல்லுங்கள்.