பால்கனியில் காளான், பரணில் பார்மலின்

புனேயில் ஜூன் மழை இறங்கியதும் நகரவாசிகளுக்கு இரண்டு ஆசைகள் முளைக்கும். ஒன்று பழையது: சிம்மகட் கோட்டைக்கு ஏறி, நனைந்தபடியே வெங்காய பஜ்ஜி தின்பது. மற்றது வீட்டுக்குள் காளான் வளர்ப்பது. மராத்தியில் காளானுக்கு அளிம்பி என்று பெயர். சிப்பிக்காளான் என்றால் திங்ரி. காற்றில் ஈரம், 20 முதல் 28 டிகிரி வரை வெப்பம், நேர் வெயில் படாத ஒரு மூலை. திங்ரி கேட்பது இவ்வளவுதான். மழைக்காலத்துப் புனேயில் இது அத்தனையும் இலவசம்.

வித்து வாங்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. ராகுரியில் உள்ள மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புனே வேளாண் கல்லூரி நகரின் நடுவே, சிவாஜிநகரில் இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் சோலனைத் தலைமையிடமாகக் கொண்ட அகில இந்திய காளான் ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் இதுவும் ஒன்று. கோயமுத்தூரில் இன்னொன்று. (கோவைக்கு இதில் மூத்த உரிமையும் உண்டு. வைக்கோல் காளானை வளர்த்துப் பார்க்கும் சோதனைகள் 1940களிலேயே அங்கே நடந்தன.) பயிற்சிக்கு வருபவர்களில் விவசாயிகளோடு ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள், சாஃப்ட்வேர் வேலையை விடலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் உண்டு. குறிப்புத்தாளுடன் வீடு திரும்புகிறார்கள். சிக்கல் அந்தக் குறிப்புத்தாளில்தான் தொடங்குகிறது.

அது விவசாயிக்காக எழுதப்பட்டது. 100 லிட்டர் தண்ணீரில் 7.5 கிராம் கார்பெண்டசிம் தூளையும் 125 மில்லி பார்மலினையும் கலந்து, அதில் 10 கிலோ வைக்கோலைச் சுமார் 18 மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்பது நாடெங்கும் சொல்லித்தரப்படும் அளவு. வைக்கோலில் ஒட்டியிருக்கும் மற்ற பூசணங்களையும் கிருமிகளையும் ஒடுக்கி, காளானுக்கு மட்டும் இடம் ஒதுக்கித் தரும் வேலை இது. கொட்டகை போட்டு நூறு படுக்கை தொங்கவிடுபவருக்குச் சரியான கணக்கு. ஆனால் இரண்டு படுக்கையறை பிளாட்டில் தொங்கப்போவது இரண்டு அல்லது மூன்று படுக்கை. அதற்கு 2 கிலோ வைக்கோல் போதும். தண்ணீர் 20 லிட்டர், பார்மலின் 25 மில்லி, கார்பெண்டசிம் ஒன்றரை கிராம்.

கடைக்காரர் 25 மில்லி பார்மலின் தரமாட்டார். அரை லிட்டர் பாட்டில்தான். பூசணக்கொல்லி 100 கிராம் பாக்கெட். கணக்குப் போட்டால் பாட்டில் 20 தடவைக்கு வரும், பாக்கெட் 66 தடவைக்கு. பெரும்பாலான வீடுகளில் காளான் ஆர்வம் மூன்றாவது தடவையைத் தாண்டுவதில்லை. மீதி பரணில் ஏறுகிறது, தீபாவளி விளக்குகளுக்கும் பழைய சூட்கேஸுக்கும் நடுவே. அதோடு மறந்தும் போகிறது.

பார்மலின் என்பது தண்ணீரில் கரைந்த பார்மால்டிஹைடு வாயு. மருத்துவக் கல்லூரிகளில் சடலங்களைக் கெடாமல் வைப்பது இதுதான். 2018இல் கேரளத்திலும் கோவாவிலும் மீன் வாங்க மக்களைப் பயப்பட வைத்ததும் இதுதான். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் இதை வகைப்படுத்தியது. மூடி சரியாக இறுகாத பாட்டிலிலிருந்து ஏப்ரல், மே வெயிலில் வாயு கசியும். கூரையை ஒட்டிய பரணின் வெப்பத்தைச் சொல்லவே வேண்டாம். குளிர் காலத்திலோ அடியில் வெள்ளையாக வண்டல் படியும், வீரியம் குறையும். அடுத்த வருடம் அதையே அளந்து ஊற்றுபவர் எவ்வளவு ஊற்றுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து பாட்டில் மாற்றுவது. பெரிய கேனிலிருந்து கொஞ்சம் மட்டும் பக்கத்து பிளாட்காரருக்கு ஊற்றிக் கொடுக்கும் நல்ல மனம் நம் நாட்டில் அதிகம். ஊற்றிக் கொடுப்பது குளிர்பான பாட்டிலில். பார்மலினுக்கு நிறம் கிடையாது. தண்ணீர் என்று நினைத்து ஒரு வாய் விழுங்கினால் தொண்டையும் இரைப்பையும் வெந்துபோகும்.

இத்தனைக்கும் வீட்டுக்கு இது தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. 2 கிலோ வைக்கோலை ஓர் அங்குலம், இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஒரு பெரிய பாத்திரத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால் போதும். தமிழ்நாட்டில் பல காலமாக நடைமுறையில் இருப்பது இந்த முறைதான். 100 கிலோ வைக்கோலுக்கு விறகும் எரிவாயுவும் கட்டுபடியாகாது என்பதால்தான் மருந்து வந்தது. கொட்டகைக்காரரின் சிக்கனத்தை பிளாட்காரர் கடன் வாங்குவதில் அர்த்தமில்லை. வேகவைத்த வைக்கோலை நன்றாக வடித்து ஆறவிட வேண்டும். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும்.

சிலர் மருந்துக்குப் பதில் நீற்றுச் சுண்ணாம்பைப் பயன்படுத்துகிறார்கள். பார்மலினோடு ஒப்பிட்டால் மேல்தான், ஆனால் சாது அல்ல. புகையிலையோடு சேர்க்கும் சுண்ணாம்புப் பொட்டலம் வெடித்துக் கண்ணில் தெறித்த குழந்தைகளை இந்தியக் கண் மருத்துவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். பால்காளான் படுக்கைக்கு மேல் போடும் மண்ணில் கலக்கும் கால்சியம் கார்பனேட் வேறு, அது சுடாது. இரண்டுமே வெள்ளைப் பொடி, இரண்டுமே ஒரே மாதிரி பிளாஸ்டிக் பையில் வரும். பையின்மேல் பெயரை எழுதி ஒட்ட ஒரு நிமிடம் ஆகும்.

மருந்தைப் பத்திரப்படுத்துபவர்கள் வித்தைத்தான் கெடுத்துவிடுகிறார்கள். சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, கிருமி நீக்கி, அதில் காளான் இழைகளைப் படரவிட்டதே வித்து. பார்க்க விதை போல இருந்தாலும் அது விதை அல்ல, மூச்சு விடும் உயிர். பையின் வாயில் பஞ்சு அடைத்திருப்பது அதற்காகத்தான். அந்தப் பையைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடினால் மூச்சு முட்டும். கல்லூரியில் வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டு, லட்சுமி சாலையில் இரண்டு மணி நேரம் புடவை பார்த்தாலும் அதே கதி.

பிரிட்ஜில் வைக்கலாமா? சாதாரண சிப்பிக்காளான் வித்தை, காய்கறி வைக்கும் தட்டில், ஃப்ரீசருக்குத் தள்ளி, சில வாரம் வைக்கலாம். எடுத்ததும் போட்டுவிடாமல் கொஞ்ச நேரம் வெளியே வைத்து அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். வைக்கோல் காளானின் வித்து மட்டும் குளிர் தாங்காது, பிரிட்ஜில் செத்துவிடும். இளஞ்சிவப்புச் சிப்பிக்காளானும் அப்படித்தான். ஆனால் நல்லது எது என்றால், படுக்கை போடும் தேதியை முடிவு செய்துவிட்டு வித்து வாங்குவது. வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்திருந்தால் சரி. மஞ்சள் நீர் கசிந்தால் வயதாகிவிட்டது. பச்சையோ கருப்போ தெரிந்தாலும், புளித்த வாடை அடித்தாலும் பையைத் திறக்காமலே எறிய வேண்டும். 10 கிலோ ஈர வைக்கோலுக்கு 200 முதல் 300 கிராம் வித்து போதும். சந்தேகமான வித்தை இரட்டிப்பாகப் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

வைக்கோலையும் அப்படியே. புனேயில் நெல் வைக்கோலை விட கோதுமை வைக்கோல் சுலபமாகக் கிடைக்கும், இரண்டுமே ஆகும். மழையில் நனைந்து காய்ந்தது மட்டும் கூடாது. சுவரில் ஈரம் ஊறும் மழைக்காலத்தில் வைக்கோலைத் தரையில் வைக்காமல் பலகை மீது வைக்க வேண்டும். எலிக்கு அது மெத்தை என்பதையும் கேஸ் அடுப்பு எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

விளைந்த பிறகும் ஒரு விஷயம் உண்டு. சிப்பிக்காளான் முற்றி, ஓரம் மேல்நோக்கி மடங்கினால் வித்துத்தூள் புகை போல உதிரும். மூடிய அறையில் அதைத் தினமும் சுவாசிப்பவர்களுக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வரும். காளான் பண்ணைத் தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டுவரும் நுரையீரல் நோய் இது. ஆஸ்துமா உள்ள வீட்டில் படுக்கையறையை ஒட்டிக் காளான் தொங்கக் கூடாது. ஓரம் விரியும் முன்பே பறித்தால் ருசியும் கூடுதல்.

கடைசியில் மிஞ்சுவது சக்கை. புனேயின் கணிசமான பகுதிகளில் வீடு வீடாகக் குப்பை வாங்குவது ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பு, அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் பெண்கள், கையால் பிரிப்பவர்கள். வெந்நீரில் பதப்படுத்திய சக்கை என்றால் பிளாஸ்டிக்கைக் கிழித்தெடுத்துவிட்டுத் துளசிச் செடிக்கே உரமாகப் போடலாம். மருந்தில் ஊறியது என்றால் அந்தக் கைகளுக்குத்தான் போகிறது. ஊறவைத்த 20 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே குளியலறைச் சாக்கடை வழியே முட்டா ஆற்றுக்குப் புறப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் இத்தகைய மருந்து டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்துத் தரச் சொல்லின. பரணில் அரை பாட்டில் வைத்திருப்பவர்கள் அதைச் சாக்கடையில் கவிழ்க்காமல், பெயர் எழுதிய மூல பாட்டிலிலேயே, பெரிய அளவில் காளான் வளர்க்கும் யாருக்காவது கொடுத்துவிடலாம். அவருக்கு அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.