நெய்தற்கரையில் உருளைக்கிழங்கு

கபிலர் பாரியின் பறம்பு மலையைப் புகழுமிடத்து, உழவர் உழாமலே அம்மலை நல்கும் விளைபொருள் நான்கனுள் வள்ளிக்கிழங்கையும் ஒன்றாக வைத்தார். புறநானூற்றின் 109-ஆம் செய்யுளாகிய அதனை வகுப்பிற் பயின்ற நாள்தொட்டு, கிழங்கு என்பது மலைநாட்டார் செல்வம் என்றே எண்ணியிருந்தேன். திருவொற்றியூர்க் கடற்கரையில் வாழும் எங்களுக்குத் தைமாதத்துப் பனங்கிழங்கு போதும். ஏனையவை சந்தையில் உள்ளன.

இவ்வெண்ணத்தைக் கலைத்தவர் என் தாயார். உருளைக்கிழங்கை எவ்வூரிலும் எம்மாதத்திலும் வீட்டிலேயே விளைவித்துக்கொள்ளலாம் என்று எவரோ கூறக் கேட்டு, சென்ற ஆண்டுச் சித்திரையில் முளைவிட்ட கிழங்குகளை மொட்டைமாடியில் ஆறு சாக்குகளில் நட்டார். தண்டு நெடிதோங்கி வளர்ந்தது. அண்டை வீட்டார் ஏறிவந்து பார்த்து வியந்தனர். ஆனி முடிவில் சாக்குகளைக் கவிழ்த்தபோது வேரும் மண்ணுமன்றி வேறொன்றும் கண்டிலேம். தாயார் வாய்திறவாது நின்றார். பாட்டியார் மட்டும், "இத்தனை நாள் ஊற்றிய குடங்களுக்குக் கணக்கு உண்டா?" என்றார். தண்ணீர் லாரி வரும் வேளை பார்த்துக் குடங்களை வரிசையாக வைக்கும் எங்கள் தெருவில் அஃது எளிய வினாவன்று.

பிழை தாயாரதன்று, அவருக்குச் சொல்லப்பட்ட சொல்லினது என்பதே என் கருத்து. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் கூறும். அவ்விரண்டையும் விட்டுக் கருப்பொருளை மாத்திரம் பேசுவோன் செய்யுளில் தான் மட்டும் தவறுவான். தோட்டத்திலோ பிறரையும் தவறச் செய்வான்.

உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆந்தீஸ் மலைநாட்டிற் பிறந்தது. அந்நாட்டார் பல்லாயிரம் ஆண்டுகளாக அதனைப் பயிரிட்டு வருகின்றனர். நாம் உண்ணும் பகுதி வேரன்று. மண்ணுள் ஓடும் தண்டின் நுனி பருத்ததே கிழங்கு. அந்நுனி பருக்க வேண்டும் என்னும் குறிப்பு இலையினின்று கீழே செல்லுகின்றது. இரவு வெப்பம் 15 முதல் 20 பாகை சென்டிகிரேடு அளவில் நிற்பின் அக்குறிப்புத் தடையின்றிச் செல்லும். பகலில் இலை ஆக்கிய உணவு இறங்கி மாவாய்த் திரளும். இரவில் வெம்மை மிகின் குறிப்புக் குன்றும்; ஆக்கிய உணவிற் பெரும்பகுதியைச் செடி தன் சுவாசத்திலேயே செலவிட்டுவிடும். சென்னையில் மே மாதத்து இரவு ஏறத்தாழ 28 பாகை. அண்டை வீட்டார் வியந்த தழைப்பின் பொருள் இதுவே. நீலகிரியில் ஜான் சல்லிவன் காலமாகிய 1820-கள் தொட்டு இப்பயிர் செழிப்பதற்கும் அம்மலையின் குளிர்ந்த இரவே பெருங்காரணம்.

நம் கரையிலும் சனவரி இரவு 21 பாகையளவுக்கு இறங்குகின்றது. இலக்கண நூலார் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், யாமத்தைச் சிறுபொழுதாகவும் வகுத்தனர். கூதிரில் வடகிழக்குப் பருவமழை விதைக்கிழங்கை அழுகச் செய்யுமாதலின், நமக்கு எஞ்சுவது முன்பனி ஒன்றே. மார்கழித் தொடக்கத்தில் நட்டு, மாசி முடிவிற்குள் அகழ்ந்துவிட வேண்டும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 2006-இல் வெளியிட்ட 'குப்ரி சூர்யா' வெம்மையைச் சற்றே பொறுக்கும் வகை. விதை கிடைப்பின் அதனையே கொள்ளலாம். வெளிச்சம் பட்ட கிழங்கு பசுமையேறி நஞ்சாகுமாதலின், செடி உயருந்தோறும் மண் அணைத்தல் வேண்டும்.

மார்கழியில் தாயார் மீண்டும் நட்டார். ஆறு சாக்கிலும் விளைந்தது ஒன்றரைக் கிலோ. பெரியது எலுமிச்சை அளவு. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறு நிலத்திற் புகுந்தால், புகுந்த நிலத்தின் பயனையே தரும் என்று தொல்காப்பியர் வகுத்த விதியைக் கிழங்கும் மீறவில்லை போலும்!

ஒன்றரைக் கிலோவுக்கு இத்தனை பாடா என நகுவோர் உளர். சமையலறையை நிரப்புதற்கெனின் நானும் நகுவேன். ஆயின், முதல் நடவு பொய்த்தபின் காரணத்தை வினவி அறிந்து, அதே சாக்குகளை மீண்டும் நிரப்பிய ஒருவர் முன்னிலையில் எனக்கு நகை வரவில்லை.

சாக்கு எதற்கு, வீட்டின் பின்புறத்து மணல் போதாதா என்று சில நண்பர் கேட்டனர். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றை அடுத்துப் படிந்திருப்பதை எண்ணூரார் அறிவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர் வீடுகளுள் புகுந்ததையும் நாம் மறந்திலேம். காய் மண்ணுக்கு மேலே தொங்குவது. கிழங்கோ மண்ணுள்ளேயே உருவாவது. அம்மண்ணில் கலந்திருப்பது யாதென ஆராயாமல் அதில் விளைந்ததை உண்ணல் ஆகாது. ஆகலின் வெளியூரினின்று கொணர்ந்த செம்மண்ணும் மட்கிய எருவும் இட்ட சாக்கே இப்பகுதிக்குத் தக்கது. கிழங்கு விளையாமற் போனதினும், காலடி மண்ணை ஐயுறும்படி ஆனதே எனக்குப் பெருவருத்தம்.

சர்க்கரைவள்ளியோ நம் இரவுக்கு அஞ்சாதது. அதுவும் அமெரிக்காவினின்று வந்ததே. எனினும் கபிலர் அறிந்த வள்ளியின் பெயரை ஏற்றுத் தமிழ்க் குடியாகிவிட்டது. கொடித்துண்டை ஊன்றினாற் போதும், தழையும் உணவாகும். வருகின்ற ஆடியில் நான்கு சாக்குகளில் அதனையும், மார்கழியில் எஞ்சிய இரண்டில் உருளைக்கிழங்கையும் நடுவதென வீட்டில் முடிவாயிற்று. அவ்விரண்டுக்கும் அரிசி கழுவிய நீரை மாத்திரம் ஊற்றலாம் எனப் பாட்டியார் இசைந்திருக்கிறார்.